இல்லாத உடலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சமகாலக் காண்பியக் கலை பற்றிய உரையாடல்களில் ‘உடல்’, ‘வெளி’ என்ற இரண்டு சொற்களும் அடிக்கடி வருகின்றன. கண்காட்சிக் கையேடுகளிலும் கருத்தரங்குகளிலும் இவற்றைக் கேட்கும் எமது மக்கள் பலர், இது கலைஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷை என்று எண்ணி ஒதுங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். உண்மையில் இவ்விரு சொற்களின் பொருளையும் நாம் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் கைகளை உயர்த்தி நின்றது உடல். அந்த உடல் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று விதிக்கப்பட்டது வெளி. பங்கருக்குள் முழங்காலை மடித்து இருந்தபோது, ஒரு மனிதருக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு இடம் தேவை என்பதை எமது முதுகெலும்பு அறிந்துகொண்டது. உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்கு இப்பால் நின்று சொந்த வளவின் பனைகளை எண்ணியவர்களுக்கு, உடலுக்கும் இடத்துக்கும் உள்ள உறவை எவரும் விளக்கத் தேவையில்லை.

நான் பல வருடங்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவன். போருக்குப் பின்னர் வடக்கில் சில கிராமங்களில் பெரியவர்களுடனும் பிள்ளைகளுடனும் ஓவியப் பட்டறைகள் நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்துடன், காணாமலாக்கப்பட்டோரையும் இழந்த வீட்டையும் கலை எவ்வாறு கையாண்டிருக்கின்றது என்பதைச் சில முக்கியமான படைப்புகளின் ஊடாக இங்கு தொகுத்துத் தருகிறேன். நினைவிடம் ஒன்றை அமைப்பது பற்றியோ, ஊரில் ஒரு கண்காட்சி வைப்பது பற்றியோ யோசிப்பவர்களுக்கு இது பயன்படும் என நம்புகிறேன்.

பீடத்திலிருந்து தரைக்கு

நீண்ட காலமாகச் சிற்பம் என்பது பீடத்தின் மேல் நிற்கும் உடலாகவே இருந்தது. அரசனோ தளபதியோ மேலே நிற்பார். பார்ப்பவர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். அந்த உயர வித்தியாசமே அதிகாரத்தைச் சொல்லிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இந்த ஒழுங்கு பெருமளவில் மாறியது. 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல கலைஞர்கள் பீடத்தை அகற்றிவிட்டுப் படைப்பைத் தரையில் வைத்தார்கள். பார்வையாளர் அதைச் சுற்றி நடக்கவும், உள்ளே நுழையவும், அதனோடு தன் உயரத்தை ஒப்பிடவும் வேண்டியிருந்தது. படைப்பு என்பது பொருள் மட்டுமல்ல, அதன் முன் பார்வையாளரின் உடலுக்கு நேர்வதும் படைப்பின் ஒரு பகுதியே என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. தாபனக் கலை, ஆற்றுகைக் கலை என்று நாம் இன்று அழைக்கும் வடிவங்களின் வளர்ச்சிக்கு இந்த எண்ணம் முக்கிய காரணம்.

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நோமன் 1969இல் காட்சிப்படுத்திய ஒரு படைப்பில் பார்ப்பதற்கென்று எதுவுமே இல்லை. எதிரெதிரே இரண்டு வெற்றுச் சுவர்கள் மட்டுமே. அவற்றுக்கிடையே ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் இடைவெளி. உள்ளே போகிறவர் தோள்களை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே அவர் உணர்வது தன் உடலின் அகலத்தைத்தான். இதை எமது வாசகர்கள் சிரமமின்றி விளங்கிக்கொள்வார்கள். மண்மூட்டைகளுக்கும் தகரப் பீப்பாய்களுக்கும் இடையில் ஒவ்வொருவராகப் போகவிடும் பாதைகளில் நாம் வருடக்கணக்காக நடந்திருக்கிறோம். ஒரு வெளியை எவ்வளவு அகலமாக அமைக்கிறார்கள் என்பதிலேயே, அதில் நடப்பவரை எவ்வாறு கருதுகிறார்கள் என்பது இருக்கின்றது.

கியூபாவில் 1948இல் பிறந்த அனா மென்டியெட்டா, 1961இல் பன்னிரண்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து அக்காவுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். 1973 முதல் அவர் ‘சிலுவேட்டா’ என்ற தொடரைச் செய்தார். அச்சொல்லின் பொருள் நிழலுருவம். முதலில் தன் உடலையே மண்ணில் கிடத்தினார். பின்னர் உடலை எடுத்துவிட்டு, அது கிடந்த பள்ளத்தை மட்டும் விட்டார். சேற்றிலும் மணலிலும் புல்லிலும் ஒரு பெண்ணின் அளவில் ஒரு குழி. சிலவற்றைப் பூக்களால் நிரப்பினார், சிலவற்றில் வெடிமருந்தை இட்டு எரித்தார். எஞ்சியவை புகைப்படங்களும் திரைப்படப் பதிவுகளும் மட்டுமே. மண்ணைப் பிரிந்த ஒருவர் தன் அளவை மண்ணில் பதித்துப் பார்த்த செயல் அது. இல்லாத உடலை, அது விட்டுச்சென்ற இடத்தைக் காட்டுவதன் மூலம் காட்டலாம் என்பதை அத்தொடர் தெளிவாக்கியது.

புவெனஸ் அயர்ஸ்: நிற்கும் நிழல்கள்

இந்த வழிமுறை ஒரு மக்கள் போராட்டத்தின் கைக்கு வந்தது ஆர்ஜென்ரீனாவில். 1976 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் 1983 வரை நாட்டை ஆண்டது. அக்காலத்தில் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன.

பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார் 14 பேர் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி தலைநகரில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னுள்ள மே சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடினார்கள். கூட்டமாக நிற்பதற்குத் தடை இருந்தது. நிற்காதீர்கள், நடந்துகொண்டிருங்கள் என்று பொலிஸார் விரட்டினார்கள். அவர்கள் நடந்தார்கள். சதுக்கத்தின் நடுவிலிருந்த தூபியைச் சுற்றி நடந்தார்கள். பின்னர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடந்தார்கள். ஒருவரை ஒருவர் இனங்காண வெள்ளைத் துணியைத் தலையில் கட்டினார்கள். ஆரம்பத்தில் அது குழந்தைகளுக்குக் கட்டும் துணியாக இருந்தது. நிற்பதைத் தடுத்த கட்டளையே அவர்களின் போராட்ட வடிவமாயிற்று. வெளியை ஆள்பவர் விதித்த விதியை உடல் எவ்வாறு திருப்பிப் போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1983 ஏப்ரலில் இராணுவ ஆட்சி ஓர் ‘இறுதி ஆவணத்தை’ வெளியிட்டது. காணாமற்போனவர்களை இறந்தவர்களாகவே கருத வேண்டும் என்பது அதன் சாரம். யார் கொண்டுசென்றார்கள், எங்கே வைத்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் தராமல் கணக்கை முடிக்கப் பார்த்தார்கள்.

ரொடோல்ஃபோ அகெரெபெரி, ஹூலியோ ஃபுளோரெஸ், கில்லெர்மோ கெக்செல் என்ற மூன்று கலைஞர்களுக்கு அதற்கு முன்பிருந்தே ஒரு கேள்வி இருந்தது. 30,000 உடல்கள் எவ்வளவு இடத்தை அடைக்கும்? ஓஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு நாளில் கொல்லப்பட்டவர்களைச் சின்னஞ்சிறு உருவங்களாக வரிசைப்படுத்திய போலந்துக் கலைஞர் ஒருவரின் சுவரொட்டி அவர்களுக்குத் தூண்டுதலாக இருந்தது. எண்ணைக் கேட்கும்போது மனம் மரத்துப்போகின்றது, அந்த எண்ணிக்கையிலான உடல்களைச் சரியான அளவில் நிறுத்தினால் நகரத்தில் இடம் போதுமா என்று அவர்கள் யோசித்தார்கள். யோசனையை மே சதுக்கத் தாய்மாரிடம் கொண்டுசென்றார்கள்.

தாய்மார் சம்மதித்தார்கள். ஆனால் சில திருத்தங்களை முன்வைத்தார்கள். உருவங்களைத் தரையில் வரையக்கூடாது, ஒட்டவும் கூடாது. தரையில் கிடக்கும் உருவம் பிணத்தைச் சுற்றிப் பொலிஸார் வரையும் கோட்டைப் போன்றது. தங்கள் பிள்ளைகள் இறந்துவிட்டார்கள் என்று அரசு சொல்வதைத் தாங்களே வரைந்துகாட்டியதாக அது ஆகிவிடும். எல்லா உருவங்களும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அவர்களின் கோரிக்கை, பிள்ளைகள் உயிருடன் மீண்டும் தோன்ற வேண்டும் என்பதே.

1983 செப்டெம்பர் 21ஆம் திகதி தாய்மாரின் எதிர்ப்புப் பேரணி நடந்தது. கலைஞர்கள் கடதாசிச் சுருள்களையும் வர்ணத்தையும் தூரிகைகளையும் கொண்டுவந்தார்கள். சிறிது நேரத்தில் வேலை அவர்களின் கையை விட்டுப் பொதுமக்களின் கைக்குப் போய்விட்டது. ஒருவர் கடதாசியின் மேல் படுப்பார். இன்னொருவர் அவரைச் சுற்றிக் கோடு இழுப்பார். படுத்தவர் எழுந்துபோவார். எஞ்சும் வெற்றுருவத்தை எடுத்துச் சுவரில் நிறுத்தி ஒட்டுவார்கள். உயிரோடு இருப்பவர் இல்லாத ஒருவருக்காகச் சில நிமிடங்கள் தன் உடலை இரவல் கொடுத்தார். கர்ப்பிணிப் பெண்களையும் கடத்தியிருந்தபடியால் வயிற்றில் தலையணை வைத்துப் படுத்தவர்கள் இருந்தார்கள். குழந்தைகளின் உருவங்களும் இருந்தன. உருவங்கள் பெயரற்றவையாக இருக்கட்டும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். ஆனால் மக்கள் தாங்களாகவே பெயர்களையும் திகதிகளையும் எழுதத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலையில் சதுக்கத்தைச் சூழ்ந்த சுவர்களிலும் மரங்களிலும் ஆளுயர உருவங்கள் நின்றன. வேலைக்குப் போனவர்கள் அவற்றைக் கடந்தே போக வேண்டியிருந்தது. கடதாசி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் தேர்தல் நடந்தது, டிசெம்பரில் இராணுவ ஆட்சி முடிந்தது, அதன் பின்னரும் அந்த நிழலுருவம் இலத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் போராட்டச் சின்னமாகத் தொடர்ந்தது. ‘எல் சிலுவேட்டாசோ’ என்ற பெயரில் இன்று கலை வரலாறு இதைக் குறிப்பிடுகின்றது.

இந்த நிகழ்வை ஒரு பட்டறையில் நான் விபரித்தபோது, பிள்ளையைத் தேடும் ஒரு தாய் என்னைக் கேட்டார்: “சேர், போகேக்க அவனுக்குப் பதினாலு வயசு. இப்ப கீறுறதெண்டால் எந்த அளவில கீறுறது?” அறையில் எவரும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின் இன்னொரு அம்மா, “இப்ப இருக்கிற அளவில கீறுங்கோ, பிறகு வந்து ஏன் சின்னனாக் கீறினனீங்கள் எண்டு கேப்பான்” என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். எனக்கு அந்தக் கேள்வி பெரிய பாடமாக இருந்தது. படுத்திருப்பதா நிற்பதா என்று ஆர்ஜென்ரீனத் தாய்மார் தீர்மானித்தார்கள். எமது தாய்மாருக்கு உயரமும் ஒரு கேள்வியாக இருக்கின்றது. உயரத்தைத் தீர்மானிப்பது காலத்தைத் தீர்மானிப்பது. காலத்தைத் தீர்மானிப்பது, அவன் இருக்கிறானா இல்லையா என்பதற்குப் பதில் சொல்வது. அந்தப் பதிலைக் கலைஞரோ அரசோ ஊடகமோ அவர்களுக்காகச் சொல்ல முடியாது.

கொலம்பியா: கதிரை, சப்பாத்து, நிலம்

பொகோட்டாவில் 1958இல் பிறந்த டொரிஸ் சல்செடோ வேறொரு பாதையில் போனவர். அவருடைய படைப்புகளில் பெரும்பாலும் மனித உருவமே கிடையாது. உடல் தொட்டுப் புழங்கிய பொருட்களே இருக்கும். பாதிக்கப்பட்ட குடும்பங்களை நேரில் சந்தித்து, நீண்ட நேரம் கேட்டு, பின்னரே வேலையைத் தொடங்குவது அவரின் வழக்கம்.

1990களின் தொடக்கத்தில் செய்த ஒரு படைப்பில், காணாமலாக்கப்பட்டவர்களின் சப்பாத்துகளைச் சுவரில் சிறிய மாடங்கள் அமைத்து உள்ளே வைத்தார். மாடத்தின் வாயை மிருகத்தின் மெல்லிய தோலால் மூடி, சத்திரசிகிச்சை நூலால் தைத்தார். தோலுக்குப் பின்னால் சப்பாத்து மங்கலாகத் தெரியும். முற்றாக மறையவும் இல்லை, கைக்கு எட்டவும் இல்லை. காணாமலாக்கப்பட்டவரின் நிலையும் வீட்டாருக்கு அப்படித்தானே இருக்கின்றது.

1985 நவம்பர் 6ஆம் திகதி கொலம்பியாவின் நீதி மாளிகையை எம்-19 கெரில்லாக்கள் கைப்பற்றினார்கள். இராணுவம் தாக்கி மீட்டது. உயர் நீதிமன்ற நீதியரசர்கள் 11 பேர் உட்பட ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். சிற்றுண்டிச்சாலைப் பணியாளர்கள் சிலர் உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்ட பின்னர் காணாமலாக்கப்பட்டார்கள். 17 வருடங்களின் பின், 2002இல், அதே இரண்டு நாட்களில் சல்செடோ புதிய நீதி மாளிகையின் கூரையிலிருந்து பாவித்த கதிரைகளை ஒவ்வொன்றாகச் சுவர் வழியே இறக்கினார். 280 கதிரைகள், 53 மணித்தியாலங்கள். அறிவிப்பு இல்லை, பேச்சு இல்லை. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பலருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கதிரை என்பது மனித உடலின் அளவுக்குச் செய்யப்பட்ட பொருள். வெற்றுக் கதிரை ஒருவரின் இன்மையைச் சொல்லும். இதற்கு நினைவுத்தூணோ நிரந்தரக் கட்டடமோ தேவைப்படவில்லை. சரியான நாளும் சரியான சுவரும் போதுமாயிருந்தன.

2007இல் லண்டன் டேட் மொடேர்ன் கலைக்கூடத்தின் பெரு மண்டபத்தில் அவர் கொங்கிரீட் தரையில் 167 மீற்றர் நீளமான வெடிப்பு ஒன்றை உண்டாக்கினார். பார்வையாளர்கள் அதைத் தாண்டியோ அதன் ஓரமாகவோ நடந்தார்கள். ‘ஷிபோலெத்’ என்பது அதன் பெயர். பைபிளில் அச்சொல்லைச் சரியாக உச்சரிக்க முடியாதவர்கள் எதிரி இனத்தவராக இனங்காணப்பட்டு ஆற்றங்கரையில் கொல்லப்படுகிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரை இனங்கண்டதாக உயிர் தப்பியோர் பலர் சொல்லியிருக்கின்றனர். நாக்கின் அசைவு ஓர் உடலைக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்த கதை எமக்குப் புதிதல்ல. கண்காட்சி முடிந்ததும் வெடிப்பை மூடினார்கள். ஆனால் தழும்பு இன்றும் அத்தரையில் தெரிகின்றது.

2016இல் கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் இயக்கத்துக்கும் இடையே சமாதான உடன்பாடு ஏற்பட்டது. ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களில் 37 தொன்னை உருக்கிச் சல்செடோ 1,296 தரைத் தகடுகளாக்கினார். போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள் சுத்தியலால் அடித்து அந்தத் தகடுகளுக்கான அச்சுகளைச் செய்தார்கள். 2018இல் பொகோட்டாவில் திறக்கப்பட்ட ‘ஃபிராக்மென்டோஸ்’ என்ற கலை, நினைவு வெளியின் தரை அதுவே. அங்கே ஆயுதம் அண்ணாந்து பார்க்கும் தூணாக இல்லை, வருகிறவர்களின் காலுக்குக் கீழே இருக்கின்றது. எந்தத் தரப்பின் வெற்றியையும் அது கொண்டாடவில்லை.

நடக்கும் நினைவிடமும் உள்வெளியும்

பேர்லின் நகரின் நடுவில் 2005இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடத்தைக் கட்டடக்கலைஞர் பீற்றர் ஐசன்மன் வடிவமைத்தார். 19,000 சதுர மீற்றர் நிலத்தில் 2,711 கொங்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. ஓரத்தில் அவை முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே போகப்போக நிலம் தாழ்கின்றது, பாளங்கள் தலைக்கு மேல் உயர்கின்றன. இடைவெளி 95 சென்ரிமீற்றர் மட்டுமே. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, கூட வந்தவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். பாளங்களில் பெயர்கள் இல்லை. அவற்றை அறிய நிலத்தடியிலுள்ள தகவல் நிலையத்துக்கு இறங்க வேண்டும். ஆங்காங்கே பிள்ளைகள் பாளங்களில் ஏறி விளையாடுவதும் சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பதும் நீண்ட விவாதத்துக்கு உள்ளாயின. மக்கள் சுதந்திரமாக நடக்கும் வெளியில் மரியாதையை எவ்வாறு உறுதிப்படுத்துவது என்ற கேள்விக்கு இன்னும் முடிந்த முடிவு இல்லை.

வீட்டின் விடயத்துக்கு வருவோம். 1993இல் பிரித்தானியக் கலைஞர் ரேச்சல் வைட்ரீட் கிழக்கு லண்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வீட்டின் உட்புறத்தைக் கொங்கிரீட்டால் நிரப்பி, பின்னர் சுவர்களை அகற்றினார். வீட்டார் மூச்சுவிட்ட வெளி கல்லாக நின்றது. சில மாதங்களில், 1994 ஜனவரியில், அதுவும் இடிக்கப்பட்டது. கொரியக் கலைஞர் டோ ஹோ சு இதற்கு மறுபுறமாக, தான் வாழ்ந்த வீடுகளை உண்மையான அளவில் மெல்லிய துணியால் தைக்கிறார். கதவுப்பிடியும் மின்விளக்கு ஆளியும்கூடத் துணிதான். மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். புலம்பெயர்ந்தவர்கள் வீட்டை மனதில் மடித்து வைத்திருப்பதைப் போன்றது அது.

தோம்பு: கையில் இருக்கும் வீடு

இவ்வரிசையில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு படைப்புக்கு உரிய இடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், முடிவுறாத தோம்பு எனப் பொருள்படும் நூலை 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடே தோம்பு. சனாதனனின் தோம்பில் அரசாங்கப் பதிவு இல்லை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், இழந்த வீட்டின் நில அமைப்பை ஞாபகத்திலிருந்து தம் கையால் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே வீடு கட்டடக்கலை முறைப்படியான வரைபடமாகவும், கூடவே கலைஞரின் ஓவியமாகவும் வருகின்றது.

இதே பயிற்சியை நான் பட்டறைகளில் செய்து பார்த்திருக்கிறேன். ஆண்களில் பலர் முதலில் வேலியையும் எல்லையையும் கீறுவார்கள், எத்தனை பரப்பு என்று எழுதுவார்கள். பெண்களில் பலர் கிணற்றடியிலோ குசினியிலோ தொடங்குவார்கள். சுவரின் நீளம் பிழைக்கும். ஆனால் கிணற்றடியிலிருந்து குசினிக்கு எத்தனை எட்டு, விறாந்தையில் எந்த இடத்தில் வெயில் விழும், படலையைத் திறக்க எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாக வரும். கண் மறந்ததைக் கால் மறக்கவில்லை. எனது வீட்டை வரைந்தபோது அறைகளின் ஒழுங்கு எனக்குக் குழம்பியது. இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் வழியை நினைத்துக்கொண்டு வரைந்தபோது எல்லா அறைகளும் தம் இடத்தில் வந்து அமர்ந்தன.

உறுதியை இழந்தவர்கள், உறுதி இருந்தும் காணிக்குள் போக முடியாதவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தின் முன் ஞாபகப் படம் ஆதாரமாகாமல் இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்கு அது சாட்சி.

தெற்கிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிகளின் பீப்பாய்களையே எடுத்து 1997இல் ‘பரலிசம்’ என்று பெயரிட்ட கலையைத் தொடங்கினார். ஒவ்வொரு ஜூலை 23ஆம் திகதியும் கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து கண்காட்சி வைத்து வருகிறார். ஜகத் வீரசிங்ஹ 1980களின் இறுதியில் காணாமலாக்கப்பட்ட எம்பிலிப்பிட்டிய மாணவர்களின் நினைவாக ஒரு நினைவாலயத்தை வடிவமைத்தார். 1999இல் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் அமைந்த அது, பராமரிப்பின்றி விடப்பட்டுப் பின்னர் இல்லாமலே போய்விட்டது. சிங்களப் பெற்றோரின் துக்கத்துக்கும் இந்நாட்டில் நிலையான இடம் கிடைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எமது வெளிகள்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வடக்கு, கிழக்கின் ஏனைய இடங்களிலும் கொட்டகைகள் எழுந்தன. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து நெஞ்சோடு பிடித்தபடி வீதியோரம் இருப்பதே அவர்களின் போராட்ட வடிவம். இரண்டு உடல்கள் அங்கே இருக்கின்றன. ஒன்று முதுமையடைந்துகொண்டு போகின்றது. மற்றது படத்தில் அதே வயதில் நிற்கின்றது. தேடிக்கொண்டிருந்த தாய், தந்தையர் பலர் பதிலின்றியே இறந்துவிட்டனர். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆனால் பல குடும்பங்கள் கடதாசியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கின்றன. ஆர்ஜென்ரீனத் தாய்மார் தரையில் வரைய வேண்டாம் என்றதும் இந்த உறுதியினால்தான்.

போருக்குப் பின்னர் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன, சிலவற்றின் மேல் இராணுவ முகாம்கள் வந்தன. கல்லறை இல்லாதபோதும் பிள்ளை கிடந்த இடத்தை மட்டுமட்டாகக் கண்டுபிடித்து விளக்கேற்றும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். மரத்திலிருந்து இத்தனை எட்டு, வாசலிலிருந்து இத்தனை வரிசை என்று அவர்கள் கால் கணக்கு வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே வருடத்தில் தூபி மீள எழுந்தது. மே மாதத்தில் பகிரப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி இன்னொரு வகை நினைவிடம். அது நிலத்தில் நிற்பதில்லை, குடிக்கிறவரின் உடலுக்குள் போகின்றது. இடிக்கக்கூடிய இடம் என்று அதற்கு ஒன்றில்லை.

நினைவிடம் அமைப்போர் கேட்க வேண்டியவை

மேலே சொன்ன படைப்புகளிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில கேள்விகளைத் திரட்டலாம்.

முதலாவது, நிலை. உருவம் நிற்கின்றதா, கிடக்கின்றதா? காணாமலாக்கப்பட்டவர்களையும் இறந்தவர்களையும் ஒரே உருவத்தால் குறிக்க அவர்களின் உறவுகள் சம்மதிக்கிறார்களா? 

இரண்டாவது, உயரம். பார்க்கிறவர் அண்ணாந்து பார்க்கப் போகிறாரா, நேருக்கு நேர் பார்க்கப் போகிறாரா? பீடம் வைத்தால் யார் அதில் ஏறுகிறார், யார் கீழே நிற்கிறார்?

மூன்றாவது, பாதை. முழங்கால் வலியுள்ள வயோதிபத் தாய் உள்ளே போய் வர முடியுமா? சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு வழி உண்டா? போரில் காலை இழந்தவர்கள் வாழும் மண்ணில் படிக்கட்டு மட்டும் உள்ள நினைவிடம் ஒருவகை வெளியேற்றமே.

நான்காவது, பெயர். பெயர் எழுதினால் விடுபட்டவர்களின் கதி என்ன? எழுதாவிட்டால் அம்மா எதைத் தொட்டு அழுவார்? பெயரை எழுதுவது ஒரு குடும்பத்துக்கு ஆபத்தாகுமா?

ஐந்தாவது, காலம். கல்லால் கட்டினால் இடிக்கப்படலாம், கவனிப்பாரின்றிக் கிடக்கலாம். கடதாசியும் கதிரையும் கஞ்சியும் ஒரு நாளோடு முடிந்தாலும் ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்யலாம். இரண்டும் தேவைப்படலாம். எது எதற்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

இவற்றுக்கு மேலாக ஓர் ஒழுங்கு உண்டு. புவெனஸ் அயர்ஸில் கலைஞர்கள் திட்டத்தைக் கொண்டுபோனார்கள், தாய்மார் அதைத் திருத்தினார்கள், திருத்தியதே அதன் பலமாயிற்று. எமது ஊர்களில் நினைவிடங்களுக்கான படங்கள் பல தடவைகளில் குழுக்கூட்டங்களில் முடிவாகி, திறப்புவிழா அன்றே உறவுகளின் கண்ணில் படுகின்றன. அடிக்கல் வைப்பதற்கு முன்னர், அந்த நிலத்தில் உறவுகளை ஒருமுறை நடக்க விடுங்கள். எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். அளவு நாடாவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.